எடை குறைப்பதும் சமன் செய்வதும்: காரின் ஃபிளைவீல் பற்றி

மலர்க் குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் சமண இலக்கியம் பற்றியே கட்டுரை கேட்பது வழக்கம். இந்த முறை வேறு பொருளில் எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். போன மாதம் நம் சங்கத்துப் பிள்ளை ஒருவன் கடைக்கு வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பழைய கார் ஒன்றை வாங்கி, வீடியோ பார்த்து, தானே இன்ஜினை இறக்கி வைத்திருக்கிறான். "தாத்தா, ஃபிளைவீல்ல ரெண்டு கிலோ குறைக்கப் போறேன். வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுமாம்" என்றான். தில்லி காஷ்மீரி கேட்டில் நாற்பது ஆண்டுகளாக மோட்டார் உதிரி பாகம் விற்பவன் நான். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், ஃபிளைவீல் என்றால் என்ன, அதில் எடை குறைப்பது எப்படி, சமன் செய்வது ஏன் என்பதைத் தெரிந்துகொள்வோம். இதற்குத் தமிழில் சுழலாழி என்று ஒரு பெயர் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். பட்டறையில் யாருக்கும் புரியவில்லை. ஆகவே ஃபிளைவீல் என்றே எழுதுகிறேன்.

ஃபிளைவீல் எதற்கு?

வீட்டில் தையல் மிஷின் இருந்தால் அதன் வலப்பக்கத்தில் உள்ள கனமான சக்கரத்தைப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்திய பிறகும் அது இரண்டு சுற்று சுற்றும். ஊசி துணியில் இறங்கும்போது வரும் தடையைத் தாண்டி மிஷினைச் சீராக ஓட்டுவது அந்தச் சக்கரத்தின் கனம்தான். கார் இன்ஜினிலும் இதே கதைதான்.

நான்கு வீச்சு இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு முறைதான் சக்தி தரும். மற்ற மூன்று வீச்சுகளிலும் அது சக்தியைத் தின்னும். நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு, அதாவது 180 பாகைக்கு, ஒரு வெடிப்பு. மூன்று சிலிண்டர் என்றால் 240 பாகைக்கு ஒன்று. ஒரு சக்தி வீச்சு 180 பாகையில் முடிந்துவிடும். அடுத்தது தொடங்கும்வரை நடுவில் 60 பாகை அளவுக்கு எந்த சிலிண்டரும் தள்ளாத இடைவெளி. நம்மில் பலருடைய முதல் கார், 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800, மூன்று சிலிண்டர் வண்டிதான். அந்த இடைவெளியில் கிராங்கைச் சுழற்றிக்கொண்டு போவது ஃபிளைவீலில் சேர்ந்திருக்கும் வேகம். வெடிக்கும்போது சக்தியை வாங்கி வைத்துக்கொள்ளும். வெடிக்காதபோது திருப்பிக் கொடுக்கும். வியாபாரி மொழியில் சொன்னால், நல்ல நாளில் போட்டு வைத்து மந்த நாளில் எடுக்கிற கல்லாப் பெட்டி.

இதைத் தவிர அதற்கு வேறு இரண்டு வேலைகளும் உண்டு. அதன் ஒரு முகத்தில்தான் கிளட்ச் தட்டு உரசிப் பிடிக்கிறது. அதன் விளிம்பில் பூட்டிய ரிங் கியரில்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் பல் பிடித்து இன்ஜினைக் கிளப்புகிறது. ஆகவே ஃபிளைவீலில் கை வைப்பவன் மூன்று இடத்தில் கை வைக்கிறான்.

குயவன் சக்கரமும் சுரைக்குடுக்கையும்

வேறு பொருள் என்று சொல்லிவிட்டுப் பழைய வழக்கத்தை விட முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் பத்தாம் அத்தியாயத்தில், வினை நீங்கிய உயிர் ஏன் மேல்நோக்கிச் செல்கிறது என்பதற்கு நான்கு உவமைகள் வருகின்றன. சுழற்றிவிட்ட குயவன் சக்கரம், மண் பூச்சு நீங்கிய சுரைக்குடுக்கை, ஆமணக்கு விதை, தீச்சுடர். குயவன் கோலை எடுத்த பின்னும், முன்பு கொடுத்த விசையால் சக்கரம் சுழல்கிறது. மண் பூசிய சுரைக்குடுக்கை நீருக்கு அடியில் கிடக்கிறது. மண் கரைந்ததும் மேலே எழும்புகிறது.

கார் இன்ஜினை அன்றே சொல்லிவிட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அந்த நூலுக்கும் மரியாதை இல்லை, இன்ஜினுக்கும் மரியாதை இல்லை. ஆனால் ஃபிளைவீலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு உவமைகளும் நினைவுக்கு வரும். சக்கரம் கனமாக இருந்தால் கொடுத்த விசை நெடுநேரம் நிற்கும். கனத்தைக் கழித்தால் சட்டென்று மேலே எழும்பும். நூலில் இரண்டும் ஒரே முடிவைச் சொல்கின்றன. இன்ஜினில் மட்டும் இவை ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். எடை குறைப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்து நிற்பதுதான்.

கனமான சக்கரம் எப்படி ஓடும் என்று அறிய விரும்புபவர்கள், 1955 முதல் சென்னையில் தயாரான பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை சிலிண்டர். உள்ளே கனமான இரட்டைச் சக்கரம். அதனால்தான் நின்ற இடத்தில் அவ்வளவு நிதானமாக 'டுப் டுப்' என்று அடிக்கும், அணைந்துபோகாது.

எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம்

சுழலும் பொருளில் எடை மட்டும் கணக்கில்லை. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கமும் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் விளைவு நான்கு மடங்கு.

கணக்குக்காக 8 கிலோ எடை, 14 செ.மீ. ஆரம் உள்ள, சீரான தட்டு போன்ற ஃபிளைவீலை எடுத்துக்கொள்வோம். மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி, விளிம்போரம் 1 கிலோ கடைந்து எடுத்தால், அதன் சுழல் கனம் சுமார் 22 சதவீதம் குறையும். அதே 1 கிலோவை மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளி எடுத்தால் 5 சதவீதம்கூடக் குறையாது. எடுத்தது இரண்டிலும் 1 கிலோதான்; பலனில் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். மையத்தை ஒட்டிய பகுதியில்தான் கிராங்கில் இறுக்கும் போல்ட்டுகள் இருக்கின்றன. அங்கே எடுத்தால் பலன் சொற்பம், பலவீனம் அதிகம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இன்ஜின் பக்கத்து முகத்தில், வெளி விளிம்போரம்தான் கடைவார்கள். கிளட்ச் உரசும் முகத்தைத் தேவைக்கு மேல் தொட மாட்டார்கள். ரிங் கியர் உட்காரும் இடத்தையும் விட்டுவிடுவார்கள்.

கிடைப்பதும் போவதும்

ஃபிளைவீல் எடையைக் குறைத்தால் இன்ஜினின் குதிரைத்திறன் கூடாது. இதைப் பிள்ளைகள் அழுத்தமாக மனதில் வைக்க வேண்டும். வண்டி வேகம் பிடிக்கும்போது ஃபிளைவீலையும் சேர்த்துச் சுழற்றச் செலவாகும் சக்தி மிச்சமாகிறது, அவ்வளவுதான். ஒரே வேகத்தில் ஓடும்போது எந்த வித்தியாசமும் தெரியாது.

எவ்வளவு மிச்சம்? மேலே சொன்ன 1 கிலோவை விளிம்பில் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் டயர் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 14 சுற்றும், டாப் கியரில் 4 சுற்றும் சுற்றும் என்றும், டயரின் ஆரம் 28 செ.மீ. என்றும் கொள்வோம். முதல் கியரில் அது வண்டியிலிருந்து சுமார் 42 கிலோ இறக்கியதற்குச் சமம். ஒரு சிறு ஆள் இறங்கின மாதிரி. டாப் கியரில் அதே 1 கிலோ வெறும் மூன்றரை கிலோவுக்குத்தான் சமம். அதாவது ஒரு பை காய்கறி.

ஆகவே அடிக்கடி கியர் மாற்றி, சட்சட்டென்று வேகம் ஏற்றி இறக்கும் பந்தயத்துக்கு இது பயன்படும். சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் ஓடிய காலம் முதல், இன்றைய இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி பந்தயப் பாதைகள் வரை, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மதிப்புண்டு. ஆபீஸ் நேரத்துத் தில்லி நெரிசலில் அதற்கு என்ன மதிப்பு? அங்கே தெரிவதெல்லாம் போனவைதான். ஐடிலிங் தடுமாறும். மேம்பால ஏற்றத்தில் கிளட்ச் விடும்போது இன்ஜின் அணையும். அணையாமல் இருக்க ஆக்ஸிலேட்டரைக் கூட்டிக் கிளட்சை உரசவிட்டு எடுக்க வேண்டும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும். கியர் பாக்ஸில் கடகடவென்று சத்தம் வரும். டீசல் இன்ஜினில் அழுத்தம் அதிகம் என்பதால் இந்தத் தொல்லை இன்னும் கூடுதல்.

1985 முதல் கார்களில் வரத்தொடங்கிய இரட்டை ஃபிளைவீல் வகை ஒன்று உண்டு. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் ஸ்பிரிங் வைத்து அதிர்வைத் தணிக்கும் வகை. பல டீசல் கார்களில் இதுதான். இதைக் கடைவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

பத்து கிராமின் கணக்கு

இனிச் சமன் செய்வது. வாஷிங் மிஷினில் ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டுப் பிழிய விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈரப் போர்வை ஒரு பக்கம் ஒதுங்க, மிஷினே நகர்ந்து வரும். ஃபிளைவீலில் ஒரு பக்கம் எடை கூடினாலும் அதே கதி. ஆனால் இதன் வேகமோ நிமிடத்துக்கு 6000 சுற்று.

மையத்திலிருந்து 13 செ.மீ. தள்ளி வெறும் 10 கிராம் பிசகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1000 சுற்றில் அது கிராங்கை இழுக்கும் விசை ஒன்றரை கிலோ எடைக்குச் சமம், யாருக்கும் தெரியாது. 3000 சுற்றில் 13 கிலோ. 6000 சுற்றில் 52 கிலோ. வேகம் ஆறு மடங்கானால் விசை முப்பத்தாறு மடங்கு. நம் தராசில் பத்து கிராம் ஒரு சிட்டிகைச் சரக்கு. அங்கே அது ஒரு மூட்டை. அந்த மூட்டை ஒரு நொடியில் நூறு முறை கிராங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறது. பேரிங் தேயும். ஆயில் சீல் கசியும். கியர் பாக்ஸின் முன் பேரிங் அழும்.

எவ்வளவு பிசகை மன்னிக்கலாம்? ஐ.எஸ்.ஓ. தர வரிசையில் ஃபிளைவீலுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்வது ஜி 6.3 என்னும் தரம். அதன்படி 6000 சுற்று ஓடும் 8 கிலோ ஃபிளைவீலில், 13 செ.மீ. தூரத்தில் விடக்கூடிய பிசகு சுமார் 0.6 கிராம். எட்டு கிலோவில் அரை கிராம் சொச்சம்! இது கறிகாய் நிறுக்கும் தராசு வேலை இல்லை, பொன் நிறுக்கும் தராசு வேலை.

எளிய முறை இது. நடுத்துளையில் சரியான தண்டு செருகி, மட்டம் பார்த்து வைத்த இரண்டு கத்தி முனைகளின் மேல் உருள விடுவது. கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்து விளிம்பில் ஆழமில்லாத துளை போட்டு எடை எடுக்க வேண்டும். 10 மி.மீ. அகலத்தில் 5 மி.மீ. ஆழம் துளைத்தால் வார்ப்பிரும்பில் சுமார் 2.8 கிராம் போகும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை இப்படிச் செய்வார்கள். சமன் செய்யும் எந்திரம் இருந்தால் அது சுழற்றிப் பார்த்து, எந்த இடத்தில் எத்தனை கிராம் என்று சொல்லிவிடும். டயர் கடையில் நாம் பார்ப்பதும் இந்த வகைதான். அங்கே எடை ஒட்டுவார்கள், இங்கே எடை எடுப்பார்கள். ஃபிளைவீல் தட்டையானது, ஆகவே ஒரு தளத்தில் சமன் பார்த்தால் பெரும்பாலும் போதும். கிராங்க் நீளமானது, அதற்கு இரு முனையிலும் பார்க்க வேண்டும். ஃபிளைவீலைத் தனியாகப் பார்த்த பிறகு கிராங்க், கிளட்ச் பிரஷர் பிளேட் எல்லாவற்றையும் பூட்டி ஒன்றாகவும் பார்ப்பது நல்லது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில இன்ஜின்களில் ஃபிளைவீல் வேண்டுமென்றே சமனில்லாமல் செய்யப்பட்டிருக்கும். 2013இல் இந்தியாவில் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜின் இதற்கு உதாரணம். மூன்று சிலிண்டர் இன்ஜின் முன்னும் பின்னும் தூக்கிப் போடும் இயல்புடையது. அந்த ஆட்டத்தை அடக்க, முன்பக்கப் புல்லியிலும் ஃபிளைவீலிலும் கணக்குப் போட்டுப் பிசகு வைத்தார்கள். அதைத் தனியாக எடுத்துச் 'சரி' செய்தால் இன்ஜின் கெட்டுப்போகும். சமன் என்பது ஒரு பாகத்தின் குணம் இல்லை, மொத்த இன்ஜினின் குணம்.

1998இல் நடந்தது

இப்போது என் கதை. 1998இல் நம்மவர் ஒருவரின் மகன், கல்லூரி மாணவன், அப்பாவின் பழைய மூன்று சிலிண்டர் காரைப் பற்றிக் கேட்டான். "அங்கிள், ஃபிளைவீல் வெயிட் குறைச்சா பிக்கப் ஏறுமா?" நான் எங்கேயோ படித்ததை வைத்து, "ஏறும்பா, பந்தயக்காரங்க எல்லாம் அதான் பண்றாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எங்கே குறைப்பது என்று சொல்லவில்லை, எனக்கே தெரியாது. சமன் செய்வதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவன் ஒரு லேத் பட்டறைக்குப் போனான். அங்கே விளிம்பைக் கடைய நேரமாகும் என்று, போல்ட்டுகளுக்கும் கிளட்ச் முகத்துக்கும் நடுவே மெல்லிய பகுதியில் ஆறு பெரிய துளைகள் போட்டுக் கொடுத்தார்கள். சமன் பார்க்கவில்லை. முதல் வாரம் பையன் சிரித்துக்கொண்டு வந்தான். மூன்றாம் மாதம் கிளட்ச் பக்கம் ஆயில் கசிவு, காலடியில் ஓர் அதிர்வு. அப்பா வண்டியை வேறு மெக்கானிக்கிடம் விட்டார். பிரித்தபோது இரண்டு துளைகளிலிருந்து போல்ட் துளையை நோக்கி விரிசல் ஓடியிருந்தது.

6000 சுற்றில் ஃபிளைவீலின் விளிம்பு ஓடும் வேகம் மணிக்கு சுமார் 317 கிலோமீட்டர். 8 கிலோ ஃபிளைவீலில் அப்போது சேர்ந்திருக்கும் சக்தி, 800 கிலோ காரை ஏறக்குறைய 2 மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. அது உடைந்தால் அலுமினிய உறையைப் பிளந்துகொண்டு வரும். பல கார்களில் அந்த உறைக்கு நேர் பின்னால் இருப்பது ஓட்டுபவரின் கால்கள்.

அந்த அப்பா ஃபிளைவீலைப் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். "நயினார், நீங்க சொன்னீங்களாமே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லவில்லை. அன்றிரவு தொடங்கித்தான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அரைகுறையாகத் தெரிந்ததைச் சொல்வதும் ஒருவகை இம்சைதான் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

செய்தே தீருவேன் என்பவர்களுக்கு

முதலில், தினசரி ஓட்டும் வண்டியில் செய்யாதீர்கள். பந்தயத்துக்கு என்றே ஒதுக்கிய வண்டியில் மட்டும் செய்யுங்கள். அதற்கும் வார்ப்பிரும்பைக் கடைவதைவிட, குறைந்த எடையில் எஃகால் செய்து விற்கும் ஃபிளைவீல் பாதுகாப்பானது.

கழற்றும் முன் கிராங்குக்கும் ஃபிளைவீலுக்கும் கிளட்சுக்கும் சேர்த்துக் குறி போடுங்கள். கடைவதற்கு முன்னும் பின்னும் சிவப்புச் சாயம் தடவி விரிசல் பாருங்கள். கிளட்ச் உரசிச் சூடேறிய பழைய தட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். விரிசல் இருந்தால் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புங்கள்.

நடுப்பகுதியில் துளை போடவே கூடாது. துளையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்கு வரை ஏறும். கடையும் இடத்தில் மூலை கூர்மையாக நிற்காமல் வளைவாக முடியட்டும். விளிம்பில் சென்சாருக்கான பற்கள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். தொட்டால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

பூட்டும்போது புது போல்ட் போட்டு, டார்க் ரெஞ்சால் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். டயல் கேஜ் வைத்துத் தட்டு தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சமன் செய்யும் எந்திரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்த பிறகு லேத்துக்குப் போங்கள். கடைபவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். சமன் செய்பவர் அப்படிக் கிடைக்க மாட்டார்.

மின்சாரக் கார்களில் ஃபிளைவீல் கிடையாது. மோட்டார் இடைவெளி இல்லாமல் இழுப்பதால் தேவை இல்லை. நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுரை பழங்கதையாக இருக்கலாம். ஆனால் இன்று தெருவில் பெட்ரோல் வண்டிகள் இருக்கின்றன, அவற்றைப் பிரிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

1998இன் அந்த ஃபிளைவீல் இன்றும் என் மேசைக்கடியில்தான் கிடக்கிறது. போன மாதம் வந்த பிள்ளையிடம் அதை எடுத்துக் கொடுத்தேன். விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பாலன்ஸிங் எங்க பண்ணுவாங்கன்னு மொதல்ல விசாரிக்கிறேன் தாத்தா" என்றான். இந்த முறை தெரிந்ததை முழுதாகச் சொல்லி அனுப்பினேன்.